குவியலும் களஞ்சியமும்

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டவர்க்குச் சில சொற்கள் நடைபாதை முள்ளைப் போல வந்து தைப்பதுண்டு. நமக்கு அண்மையில் அவ்வாறு தைத்த சொல் ஒன்று. பொருள்களை வரம்பின்றிச் சேர்த்துக்கொண்டே போய், ஒன்றையும் கழிக்க மாட்டாமல், குடியிருக்கும் வீட்டையே குடியிருக்க இயலாததாக்கிக் கொள்ளும் மனநோய் ஒன்று உண்டு. ஆங்கில மருத்துவ நூல்கள் அதற்கு இட்டிருக்கும் பெயரைத் தமிழாக்க முனைந்தால், அகராதி சட்டென்று ‘பதுக்கல்’ என்கிறது. மராட்டிய அகராதியைப் புரட்டினால் ‘சாட்டேபாஜி’ என்கிறது. இரண்டும் ஏறக்குறைய ஒரே குற்றச்சாட்டு. 1943ஆம் ஆண்டில் வங்காளம் பஞ்சத்தில் மடிந்தபோது அரிசி மூட்டைகளை அடுக்கி வைத்துக்கொண்டு விலை ஏறக் காத்திருந்த வணிகரை நினைவூட்டும் சொற்கள் அவை. 1955ஆம் ஆண்டின் அத்தியாவசியப் பண்டங்கள் சட்டம் யாரைத் தண்டிக்க எழுந்ததோ, அவர்களுக்கு உரிய சொற்கள்.

நாம் சொல்ல வந்த நோயாளி அவர்களுள் ஒருவர் அல்லர். பதுக்குகிறவன் விலை போகும் பண்டத்தை ஊர் அறியாமல் மறைக்கிறான். இந்நோயாளியோ யாரும் விலைக்குக் கேளாத பொருள்களை வைத்துக்கொண்டு, எவரேனும் வந்து பார்த்துவிடுவரோ என்னும் நாணத்தால் வாயிற்கதவைச் சாத்திக்கொள்கிறார். ஆகவே இவ்வுரையில் இதைக் ‘குவிப்பு நோய்’ என்றே வழங்குவோம். அழகான சொல் அன்று. ஆயினும் யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாத சொல்.

இச்சொல்லை நாம் தேடப் புகுந்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் மேலே செல்வது நேர்மையாகாது.

புணே நகரின் வடமேற்கில், மூளா ஆற்றின் கரையை ஒட்டி இருப்பது வாகட். ஒரு காலத்தில் வயலும் மாட்டுக் கொட்டிலுமாய் இருந்த கிராமம். பக்கத்து ஹிஞ்சவாடியில் மென்பொருள் நிறுவனங்கள் வந்து குவிந்த பின்னர், இன்று அடுக்குமாடிக் கட்டடங்கள் தோளோடு தோள் உரசி நிற்கின்றன. காலையில் பூம்கர் சௌக்கில் நிற்கும் வண்டிகளின் வரிசையைக் கண்டவர், அதில் பத்துக்கு ஒருவராவது தமிழில் முணுமுணுப்பதைக் கேட்டிருக்கக்கூடும். அங்கே இரண்டு படுக்கையறை கொண்ட ஒரு வீட்டில் தம் மகனோடு வாழ்கிறார் முதியவர் ஒருவர். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக மராட்டிய மாநிலத்தில் வாழ்பவர். தொழிற்சாலை வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். நம்மைத் ‘தம்பி’ என்று அழைப்பவர். அவருடைய மனைவியார் காலமான பிறகு அவ்வீட்டில் செய்தித்தாள்கள் உயரத் தொடங்கின. முதலில் கட்டிலுக்கு அடியில், பிறகு கட்டிலின் மேல், பிறகு கூடத்தில். பால் உறைகள் கழுவி மடிக்கப்பட்டு மூட்டையாயின. இனிப்புக் கடைப் பெட்டிகள், பழுதான மின்விசிறிகள், ஊரிலிருந்து வந்த பார்சல்களின் சணல் கயிறுகள் எல்லாம் அடுக்கேறின. ஒரு கட்டத்தில் பெரியவர் கூடத்து நாற்காலியிலேயே உறங்கினார். மகனும் மருமகளும் குழந்தையும் ஒற்றை அறையில் ஒடுங்கினர். மாடிப்படியில் பெட்டிகள் நிற்பதாகக் குடியிருப்போர் சங்கம் இரண்டு முறை கடிதம் கொடுத்துவிட்டது.

பெரியவர் ஓர் உறவினர் திருமணத்திற்காகத் திண்டுக்கல் சென்றிருந்த நான்கு நாள்களில், மகன் வீட்டை ஒழிக்கத் தீர்மானித்தார். உதவிக்கு ஆள் வேண்டியிருந்தது. நாமும் போனோம், கை கொடுத்தோம், கட்டுகளைச் சுமந்து மின்தூக்கியில் ஏற்றினோம். ரத்திவாலா தராசு பிடித்தார். வீடு பளிச்சென்றாயிற்று. நற்காரியம் ஒன்றைச் செய்து முடித்த மனநிறைவோடு தேநீர் அருந்திவிட்டு வீடு திரும்பினோம்.

பெரியவர் திரும்பி வந்தார். கூச்சலிடவில்லை, ஏசவில்லை. வெறுமையான கூடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, ‘அவள் கட்டம் போட்ட தாளெல்லாம் அதில்தானே இருந்தது’ என்று ஒரு வார்த்தை சொன்னார். அவர் மனைவியாருக்குக் குறுக்கெழுத்துப் புதிர் என்றால் உயிர். மும்பையிலிருந்து வரும் தமிழ் நாளிதழில் அந்தப் பக்கத்தை நாள்தோறும் பென்சிலால் நிரப்புவாராம். அவர் கையெழுத்து இருந்த தாள்கள் நாற்பதோ ஐம்பதோ இருந்திருக்கும். எஞ்சிய ஆயிரக்கணக்கான தாள்களில் ஒன்றுமில்லை. அவற்றுள் பெரும்பாலானவை அந்த அம்மையார் இறந்த பின்னர் வந்தவை. இது பெரியவருக்கும் தெரியும். ஆயினும் எது எது என்று பிரித்தெடுக்க அவரால் முடியவில்லை. முடியாததால் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டார். நாம் எல்லாவற்றையும் எடைக்குப் போட்டுவிட்டோம். அடுத்த பத்து நாள்கள் அவர் சரியாக உண்ணவில்லை. ஆறு மாதத்தில் கூடம் மீண்டும் பாதி நிறைந்துவிட்டது.

அவரை மனநல மருத்துவர் ஒருவரிடம் அழைத்துச் செல்ல நேர்ந்தபோதுதான், இந்நோயின் வரலாற்றைப் படிக்கும் ஆவல் நமக்கு உண்டாயிற்று. படித்தவற்றுள் முதலில் நம்மை வியக்க வைத்தது இது: மனிதர் பொருள் குவிப்பதை எழுத்தாளர்கள் நெடுங்காலத்துக்கு முன்பே கண்டுகொண்டனர், மருத்துவர்கள்தாம் மிகப் பிந்தி வந்தார்கள். ருஷ்ய ஆசிரியர் கோகோல் 1842இல் வெளியிட்ட ‘இறந்த ஆன்மாக்கள்’ என்னும் நாவலில் பிளூஷ்கின் என்றொரு நிலக்கிழார் வருகிறார். தெருவில் கிடக்கும் பழைய செருப்படித் தோலையும் ஆணியையும் பொறுக்கி வந்து அறையின் மூலையில் சேர்ப்பவர். ருஷ்யாவில் இன்றைக்கும் இத்தகையவரை அப்பெயராலேயே குறிப்பிடுகின்றனர். அவரும் மனைவியை இழந்த பிறகே அந்நிலைக்கு வந்தவர் என்று கோகோல் எழுதியிருப்பது கவனிக்கத்தக்கது.

வியன்னா மருத்துவர் பிராய்டு 1908இல் ஒரு கட்டுரை எழுதினார். ஒழுங்குப் பித்து, கஞ்சத்தனம், பிடிவாதம் ஆகிய மூன்றும் ஒருவரிடத்துச் சேர்ந்து காணப்படுவதைச் சொல்லி, அவற்றின் வேர் குழந்தைப் பருவத்து உடற்பழக்கங்களில் இருப்பதாக விளக்கினார். அவ்விளக்கத்தை இன்று எவரும் அப்படியே ஏற்பதில்லை. ஆயினும் அதனால் விளைந்த பயன் ஒன்று உண்டு. தீங்கு ஒன்றும் உண்டு. சேர்ப்பது மனத்தோடு தொடர்புடையது என்பது நிலைபெற்றது பயன். அது கஞ்சரின் குணக்கேடு என்னும் எண்ணமும் கூடவே ஒட்டிக்கொண்டது தீங்கு. நம் பெரியவர் கஞ்சர் அல்லர். பேரக்குழந்தைக்கு அவர் வாங்கித் தராத பொம்மை இல்லை.

1947ஆம் ஆண்டு நியூயார்க் நகரில் நிகழ்ந்த ஒன்று உலகையே திடுக்கிடச் செய்தது. ஹார்லம் பகுதியில் ஐந்தாம் நிழற்சாலையில் ஹோமர் காலியர், லாங்லி காலியர் என்னும் இரு சகோதரர் வாழ்ந்துவந்தனர். தந்தை மருத்துவர். மூத்தவர் சட்டம் படித்தவர். இளையவர் பியானோ வாசிப்பதில் வல்லவர். பெற்றோர் மறைந்தபின் இருவரும் உலகத் தொடர்பை மெல்ல மெல்ல அறுத்துக்கொண்டனர். 1933இல் ஹோமருக்குக் கண் பார்வை போயிற்று. தம்பி லாங்லி அண்ணனுக்கு ஆரஞ்சுப் பழங்களை ஊட்டிவந்தார்; அதனால் பார்வை மீளும் என்பது அவர் நம்பிக்கை. மீளும் நாளில் அண்ணன் விட்டுப்போன செய்திகளையெல்லாம் படிக்க வேண்டுமே என்று, நாளிதழ் ஒன்றையும் விடாமல் கட்டிக் கட்டி அடுக்கினார். திருடர் வருவர் என்னும் அச்சத்தால் அக்கட்டுகளுக்கிடையே பொறிகளும் அமைத்தார்.

மார்ச்சு 21ஆம் நாள், அவ்வீட்டில் ஒருவர் இறந்து கிடப்பதாகக் காவலருக்குத் தொலைபேசிச் செய்தி வந்தது. கதவைத் திறந்தால் நுழைய வழியில்லை. மேல்மாடிச் சன்னல் வழியாகவே உள்ளே செல்ல முடிந்தது. ஹோமரின் உடல் கிடைத்தது. லாங்லியைக் காணோம். அவர் தப்பி ஓடிவிட்டார் என்று பல இடங்களில் தேடினர். ஏப்ரல் 8ஆம் நாள், அண்ணன் கிடந்த இடத்திலிருந்து ஏறக்குறைய பத்தே அடி தொலைவில் அவர் உடல் அகப்பட்டது. தாம் வைத்த பொறியே சரிந்து அவரை நசுக்கியிருந்தது. உணவு கொண்டுவரும் கை நின்றுபோனதால் பார்வையற்ற அண்ணனும் மடிந்தார். அவ்வீட்டிலிருந்து வெளியேற்றப்பட்ட பொருள்கள் நூற்றிருபது டன்னுக்கு மேல். அவற்றுள் பியானோக்கள் மட்டும் பதினான்கு. அந்நகரத் தீயணைப்புப் படையினர் பொருள் நிறைந்த வீட்டைக் ‘காலியர் மாளிகை’ என்று குறிப்பது இன்றளவும் வழக்கு.

இந்நிகழ்ச்சியை வேடிக்கையாகச் சொல்வோர் மிகுதி. நமக்கு அதில் வேடிக்கை ஒன்றும் தோன்றவில்லை. கண்ணிழந்த அண்ணன் படிப்பதற்காகச் செய்தித்தாள் சேர்த்த தம்பியை, அன்பில்லாதவன் என்று யார் சொல்ல முடியும்?

இத்தனைக்குப் பிறகும் மருத்துவம் விரைந்துவிடவில்லை. 1966இலும் 1975இலும் இங்கிலாந்தின் மருத்துவ ஏடுகளில், தனித்து வாழும் முதியோர் சிலர் தம்மையும் வீட்டையும் பேணாது குப்பை நடுவே வாழ்வதைப் பற்றிய ஆய்வுகள் வெளியாயின. பின்னதை எழுதியோர் அதற்கு டயோஜெனீஸ் என்னும் கிரேக்க ஞானியின் பெயரைச் சூட்டினர். ஒரு குவளையைக்கூட வேண்டாமென்று எறிந்தவராகக் கதைகளில் வருகிறவர் அந்த ஞானி! பெயரிடுவதில் மொழிபெயர்ப்பாளர் மட்டுமல்லர், மருத்துவரும் சறுக்குவர் என்று அறிந்து நமக்குச் சிறிது ஆறுதல் உண்டாயிற்று. 1987இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டுப் பதிப்பு, தேய்ந்த, பயனற்ற பொருளைக் கழிக்க மாட்டாமையை ஓர் ஆளுமைக் கோளாற்றின் பல அடையாளங்களுள் ஒன்றாகக் குறித்திருந்தது. தனி நோய் என்னும் தகுதி அப்போதும் கிட்டவில்லை.

திருப்பம் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்மித் கல்லூரியில் நேர்ந்தது. அங்கு உளவியல் பேராசிரியராக இருந்த ராண்டி பிராஸ்ட், தம் மாணவி ஒருவர் கேட்ட கேள்வியின் பேரில், எதையும் தூக்கியெறியாதவர்கள் ஆய்வுக்கு வரலாம் என்று உள்ளூர்ப் பத்திரிகையில் விளம்பரம் செய்ய இசைந்தார். ஓரிருவர் வந்தாலே அரிது என்று எண்ணியிருந்தார். அழைத்தவர்களோ நூற்றுக்கு மேல். 1993இல் வெளிவந்த அவ்வாய்வு பல பொதுநம்பிக்கைகளை அசைத்தது. அவற்றுள் ஒன்று நம்மிடையே மிகுதியாக வழங்குவது: ‘வறுமையை அனுபவித்தவர்கள், அதனால்தான் எதையும் எறிய மாட்டார்கள்.’ இளமையில் பொருள் வறுமை உற்றதற்கும் இந்நோய்க்கும் நேரான தொடர்பு காணப்படவில்லை. மாறாக, வாழ்க்கையில் துயர நிகழ்ச்சிகளுக்கு ஆளானவர்களிடம் இது மிகுந்து காணப்படுவதைப் பிற்கால ஆய்வுகள் எடுத்துக்காட்டின. 2013இல் அமெரிக்கக் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு குவிப்பு நோயைத் தனி நோயாகப் பிரித்தது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலின் பதினோராம் திருத்தமும் அவ்வாறே செய்தது. அது 2022 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. கோகோலிலிருந்து எண்ணினால் நூற்றெண்பது ஆண்டுகள்.

தனி நோய் என்று பிரித்தார்களே தவிர, அது தனியே வருவது அரிது. நம் பெரியவரைச் சோதித்த மருத்துவர் முதல் அமர்வில் செய்தித்தாள்களைப் பற்றிக் கேட்டது மிகக் குறைவு. தூக்கம் எப்படி, பசி எப்படி, பெயர்கள் மறக்கின்றனவா, வழி தவறுகிறதா, இளமையிலும் இப்படித்தானா என்றே கேட்டுக்கொண்டிருந்தார். மகனுக்குப் பொறுமை போய்விட்டது. அக்கேள்விகளின் பொருள் பின்னரே விளங்கிற்று.

குவிந்த வீடு ஒன்றுதான். அதற்குள் இருக்கும் நோய்கள் பல. கையைக் கழுவிக் கழுவி ஓயாத, பூட்டை இழுத்து இழுத்துப் பார்க்கும் எண்ணச்சுழற்சி நோய் ஒன்று உண்டல்லவா? நெடுங்காலம் குவிப்பை அதன் கிளையாகவே கருதினர். ஆனால் எண்ணச்சுழற்சி நோயாளி தம் எண்ணத்தை வெறுக்கிறார். அது தம் மீது வந்து ஏறிய பேய் என்றே உணர்கிறார். குவிப்பவருக்கோ சேர்க்கும்போது இன்பமும் ஆறுதலும் உண்டாகின்றன. கழிக்கச் சொல்லும்போதுதான் வேதனை. 2011இல் பிராஸ்டும் அவர்தம் தோழர்களும் குவிப்பு நோயாளர் 217 பேரை ஆராய்ந்தபோது, எண்ணச்சுழற்சி நோய் ஐவரில் ஒருவருக்குக்கூட இல்லை. மனச்சோர்வு நோயோ பாதிப்பேருக்கு இருந்தது. ஏறக்குறைய நான்கில் ஒருவருக்குக் கவனக் குறைபாடு இருந்தது; ஒரு பொருளைக் கையில் எடுத்தால் அடுத்த நிமிடம் மற்றொன்றில் மனம் தாவிவிடுவதால், அடுக்க முனைந்த அறை முன்னிலும் கலைந்து நிற்கும் நிலை அது.

மனச்சோர்வு தனித்து வந்தாலும் வீடு குப்பையாகும். ஆனால் அங்கே பொருள்மீது பற்று இராது. எழுந்து பெருக்கவே வலுவில்லாமல் கிடப்பதே காரணம். பிறர் அள்ளிச் சென்றால் அந்நோயாளி தடுப்பதில்லை. முதுமையில் மூளை தேய்ந்து வரும் மறதி நோயிலும் பொருள் சேர்வதுண்டு; அப்போது எதற்காகச் சேர்த்தோம் என்பதே நினைவிராது. உணவையும் கந்தலையும் ஒன்றாக முடிந்து வைப்பர். இல்லாத குரலைக் கேட்கும் நோய்களில், அக்குரலின் ஆணைக்குப் பணிந்து சேர்ப்பவரும் உளர். இவற்றால் மட்டுமே விளைந்த குவியலை மருத்துவர்கள் குவிப்பு நோய் என்று கொள்வதில்லை. குவிப்பு நோய் பெரும்பாலும் இளமையிலேயே, பதின்மூன்று பதினான்கு வயதிலேயே அரும்புகிறதாம். வீட்டில் தடுக்க ஆள் இருக்கும்வரை அது வெளியே தெரிவதில்லை. ஐம்பத்தைந்தைக் கடந்து, துணையும் போனபின் வெள்ளம்போல் பெருகுகிறது. எழுபது வயதுவரை எதையும் சேர்க்காதவர் திடீரென்று சேர்க்கத் தொடங்கினால், மருத்துவர் முதலில் மூளையைப் பற்றித்தான் ஐயுறுவார்.

நம் பெரியவருக்கு மறதி நோய் இல்லை என்று தேறியது. ‘கல்யாணமான புதிதிலேயே டிரங்குப் பெட்டி நிறையப் பழைய பேருந்துச் சீட்டு வைத்திருந்தாராம், அம்மா ஒவ்வொரு தீபாவளிக்கும் அவரோடு உட்கார்ந்து கழிப்பாராம்’ என்று மகன் நினைவுகூர்ந்தார். குவிப்பு நோய் பழையது. அதன்மேல் ஏறி அமர்ந்திருந்த மனச்சோர்வு புதியது. இரண்டையும் சேர்த்தே கவனிக்க வேண்டும் என்றார் மருத்துவர். மனச்சோர்வு தணியாதவரை எதை வைப்பது எதை விடுவது என்று முடிவு செய்யும் வலு அவருக்கு வராது. அவ்வலுவே இந்நோயின் மையம். 2012இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், இந்நோயாளரை மூளைப் படக்கருவிக்குள் வைத்து, அவர்களுக்கு வந்த கடிதங்களையும் பிறருடைய கடிதங்களையும் காட்டிக் கழிக்கலாமா என்று கேட்டனர். பிறர் காகிதத்தின்போது சோம்பியிருந்த மூளைப் பகுதிகள், தம் காகிதம் வந்ததும் அளவுக்கு மீறிக் கொதித்தன. எது முக்கியம் என்று எடை போடுவதற்கு உதவும் பகுதிகள் அவை. சோம்பலோ பிடிவாதமோ அன்று, தராசு பழுதாகியிருக்கிறது.

இங்கே வாசகர் ஒருவர் குறுக்கிடலாம்: சேர்ப்பது நோயாயின், நூலகமும் அருங்காட்சியகமும் எங்கிருந்து வந்தன? நியாயமான கேள்வி. அதற்கு விடை புணே நகரிலேயே, பாஜிராவ் சாலைக்கு அருகில் இருக்கிறது. புணேயில் வாழ்ந்தும் ராஜா தினகர் கேள்கர் அருங்காட்சியகத்தைக் காணாத தமிழன்பர்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமையை அதற்கு ஒதுக்குதல் நலம்.

1896இல் பிறந்த தினகர் கேள்கர் மூக்குக்கண்ணாடி வணிகர். ‘அஞ்ஞாதவாசி’ என்னும் புனைபெயரில் மராட்டியக் கவிதை எழுதியவர். ஏறத்தாழ 1920ஆம் ஆண்டு முதல் ஊர் ஊராகச் சென்று பழம்பொருள் சேர்க்கலானார். மன்னர்களின் வாளும் மகுடமும் அவர் நாட்டம் அன்று. விளக்கு, பாக்குவெட்டி, பூட்டு, சீப்பு, மைக்கூடு, பாதம் தேய்க்கும் கல், அடுக்களைச் சாமான் என்று சாமானியர் கைபட்ட பொருள்களையே தேடினார். அவருடைய மகன் ராஜா ஏழு வயதில் இறந்துபோனான். அருங்காட்சியகம் தாங்கி நிற்பது அந்தக் குழந்தையின் பெயரையே. 1962இல் அது அருங்காட்சியகமாக உருப்பெற்றது. பின்னர் மகாராஷ்டிர அரசின் பொறுப்புக்கு வந்தது. 1990இல் கேள்கர் மறையும்போது இருபதாயிரம் பொருள்கள் அளவில் சேர்ந்திருந்தன. அவற்றுள் ஒரு சிறு பகுதியையே காட்சிக்கு வைக்க இடமிருக்கிறது.

துயரம், ஓயாத சேர்ப்பு, இடம் போதாமை ஆகிய மூன்றும் கேள்கரிடமும் இருந்தன. நம் பெரியவரிடமும் இருக்கின்றன. எண்ணிக்கையைக் கொண்டு பார்த்தால் கேள்கரே பெரிய நோயாளி! ஆனால் அவர் ஒவ்வொரு பாக்குவெட்டியையும் மற்றொன்றிலிருந்து பிரித்தறிந்தார். தேர்ந்தெடுத்தார், ஒதுக்கினார், பிறர் கண்டு மகிழக் கதவைத் திறந்து வைத்தார். குவிப்பு நோயாளிக்குக் கதவு மூடிக்கொள்கிறது. பொருள் தேடினால் அகப்படுவதில்லை. அடுக்களையில் சமைக்க இயலாது, கட்டிலில் உறங்க இயலாது. எத்தனை பொருள் என்பதை மருத்துவர் எண்ணுவதில்லை. கழிப்பதில் எவ்வளவு வேதனை, அறை எதற்காக அமைந்ததோ அதற்குப் பயன்படுகிறதா என்று இரண்டையுமே பார்க்கிறார்.

தமிழ்நாட்டிலும் ஒருவர் இருந்தார். செட்டிநாட்டுக் கோட்டையூரைச் சேர்ந்த ரோஜா முத்தையா, விளம்பரப் பலகை எழுதுவதைத் தொழிலாகக் கொண்டவர். தமிழில் அச்சானது எதுவாயினும் அவருக்குச் செல்வம்: நூல், பத்திரிகை, நாடகத் துண்டறிக்கை, திரைப்படப் பாட்டுப் புத்தகம், திருமண அழைப்பிதழ். 1992இல் அவர் காலமானபோது ஏறத்தாழ ஒரு லட்சம் அச்சுப் பொருள்கள் அவர் வீட்டில் இருந்தன. சிகாகோப் பல்கலைக்கழகம் அவற்றைப் பெற்றுச் சென்னையிலேயே இருத்த வழிசெய்தது. 1994இல் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் நிறுவப்பட்டது. அயலார் காயலான் கடைக்கு உரியவை என்று கருதியிருக்கக்கூடிய துண்டறிக்கைகள்தாம் இன்று ஆராய்ச்சியாளர் தேடி வரும் ஆவணங்கள்.

கழிப்பதிலும் குற்றம் நேரும் என்பதை நம்மவர் மறந்திருக்க முடியாது. கரிவலம்வந்தநல்லூரில் பழஞ்சுவடிகளை ஆகம முறை என்று சொல்லி நெருப்பில் இட்டுவிட்ட செய்தியை, ஏடு தேடிப் போன உ. வே. சாமிநாதையர் நெஞ்சு பதைத்து எழுதி வைத்திருக்கிறார். போகிப் பண்டிகையன்று பழையதை எரிக்கும் நாமே, காகிதம் காலில் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம். அயல் மாநிலத்தில் வாழும் நமக்கு இன்னொன்றும் உண்டு. தமிழெழுத்துப் பொறித்த ஒரு கடைப்பையைக்கூட எறிய மனம் வருவதில்லை. நம் வீட்டுப் பரணில் நான்கு இடமாற்றங்களில் கூடவே வந்த அட்டைப்பெட்டி ஒன்று இருக்கிறது. அதில் என்ன இருக்கிறதென்று நாம் பார்த்து ஒன்பது ஆண்டுகள் ஆயின. அலுவலகத்தில் ஒவ்வொரு கோப்புக்கும் இத்தனை ஆண்டு வைத்துப் பின் கழிக்க வேண்டும் என்று விதி உண்டு. வீட்டுக் கோப்புகளுக்கு அத்தகைய விதியை எவரும் இயற்றவில்லை. ஆனால் அப்பெட்டி ஒரு மூலையோடு நின்றது. நம் கட்டிலில் நாம் உறங்குகிறோம். ஆகவே அது நோய் அன்று, சோம்பல் என்று வீட்டிலுள்ளோர் தீர்ப்புச் சொல்லிவிட்டனர்.

இனி, நாம் செய்த பிழைக்கு வருவோம். வலிந்து வீட்டை ஒழிப்பதால் விளைவது என்ன? வாகடுக்கு அருகே உள்ள சிஞ்ச்வட் அதை அறியும். 1897இல் புணேயில் கொள்ளைநோய் பரவியபோது, ராண்டு என்னும் ஆங்கில அதிகாரியின் தலைமையில் அமைந்த குழு, சிப்பாய்களை வீடு வீடாக அனுப்பிற்று. நோயாளரைப் பிரித்துக்கொண்டு போனதோடு, தொற்று ஒழிய வேண்டுமென்று வீட்டுப் பொருள்களை வெளியே எறிந்தனர், எரித்தனர். நோயைத் தடுக்க வேண்டிய தேவை மெய்யானதே. ஆயினும் அடுக்களையிலும் பூசையறையிலும் அயலான் புகுந்து பொருளை அள்ளியதைப் புணே மக்கள் பொறுக்கவில்லை. அவ்வாண்டு ஜூன் 22 இரவு, சிஞ்ச்வட்டைச் சேர்ந்த சாபேகர் சகோதரர் ராண்டைச் சுட்டனர். சில நாள்களில் அவர் இறந்தார். சாபேகர்கள் தூக்கிலிடப்பட்டனர். அரசியல் சீற்றத்தையும் ஒரு நோயாளியின் வேதனையையும் ஒன்றாக்கிப் பேசுவது நம் கருத்தன்று. வீடு என்பது சுவர் மட்டும் அன்று, அதிலுள்ள பொருளும் அதன் உடம்பே என்பதை அன்று அதிகாரம் மறந்தது. வாகடில் நாமும் மறந்தோம்.

அதற்காகக் குவியலை அப்படியே விட்டுவிடலாகாது. மெல்போர்ன் நகரத் தீயணைப்புத் துறை பத்தாண்டுக் கணக்கை ஆராய்ந்தபோது, இத்தகைய வீடுகளில் நேர்ந்த தீவிபத்துகள் நானூற்றில் ஒன்றே. தடுத்திருக்கக்கூடிய தீச்சாவுகளிலோ அவற்றின் பங்கு நான்கில் ஒன்று. பத்தாவது மாடியில் படிக்கட்டை அடைத்து நிற்கும் பெட்டியைப் பற்றிச் சங்கத்தார் கடிதம் எழுதியது நியாயமே.

மருத்துவர் கூறிய முறை மிக மெதுவானது. இந்நோய்க்கென்றே தனி மருந்து இல்லை. மனச்சோர்வுக்கு மருந்து உண்டு, அதைக் கொடுத்தார். மற்றபடி நோயாளியின் கையாலேயே, நோயாளியின் முடிவாலேயே பொருள் போக வேண்டும். முதலில் வாசலுக்கும் கட்டிலுக்கும் இடையே நடக்க வழி. பிறகு அடுப்பைச் சுற்றி இடம். ஒவ்வொரு பொருளையும் எடுத்து, ஏன் வைக்கிறோம் என்று அவரே சொல்ல வேண்டும். புதிதாக வருவதையும் குறைக்க வேண்டும். மாதக்கணக்கில் பிடிக்கும், முழுதும் தேறுவோர் குறைவு, ஓரளவு தேறுவோர் பலர். மனைவியார் தீபாவளிக்குத் தீபாவளி அருகில் உட்கார்ந்து செய்ததும் இதுவே அன்றோ என்று நமக்குத் தோன்றிற்று. அவர் மருத்துவம் படித்தவர் அல்லர்.

மொழி தெரியாத ஊரில் இவ்வளவையும் யாரிடம் சொல்வது என்று தயங்குவோர் உண்டு. மனத்தின் துயரத்தை இந்தியிலோ மராட்டியிலோ எடுத்துரைப்பது எளிதன்று. நம் பெரியவர் நாற்பது ஆண்டு மராட்டி பேசியவர், ஆயினும் மருத்துவரிடம் அழுதது தமிழில்தான். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய ‘டெலி மானஸ்’ என்னும் இலவசத் தொலைபேசி ஆலோசனையில், 14416 என்னும் எண்ணை அழைத்துத் தமிழைத் தெரிவு செய்து பேசலாம். இத்தகவலைத் தம் அடுக்குமாடியிலுள்ள ஒருவருக்கேனும் அன்பர்கள் சொல்லி வைக்க வேண்டுகிறோம்.

ஞாயிறுதோறும் பத்து மணிக்கு நாம் இப்போது வாகட் செல்கிறோம். ஒரு மணி நேரம், ஒரு கட்டு, அதற்கு மேல் இல்லை. பெரியவர் நாற்காலியிலும் நாம் தரையிலுமாக அமர்ந்து தாள் தாளாகப் பார்ப்போம். முதல் இரண்டு மாதங்களில் ஒரு தாளும் வெளியேறவில்லை. மூன்றாம் மாதம் பால் உறை மூட்டை போயிற்று. சென்ற ஞாயிறு, நாம் அன்று அள்ளியபோது கட்டிலின் பின்புறம் சிக்கித் தப்பியிருந்த கட்டு ஒன்று கைக்கு வந்தது. நடுவே ஒரு தாளில் பாதி நிரம்பிய கட்டங்கள். பென்சில் எழுத்து மங்கியிருந்தது. பெரியவர் அதைத் தனியே எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, எஞ்சிய கட்டை ஒருமுறை புரட்டினார்; பின் காலால் அன்றிக் கையால் நம் பக்கம் தள்ளினார்.

‘இதை அவரிடம் கொடுத்துவிடு, தம்பி’ என்றார். கீழே வாயிலில் ரத்திவாலா தராசோடு நின்றுகொண்டிருந்தார். ‘மேலிருந்து ஏழாவது, நான்கு எழுத்து. அவளுக்கு வரவில்லை போலிருக்கிறது. பார், உனக்கு வருகிறதா?’